கதவு எண்

படிவத்தில் வீட்டு எண் கேட்கும் கட்டத்தில்
பேனா நின்றது.
"ஷட்டர் நெம்பர் போட்டுக்கோங் அம்முணி, பதினாலு"
என்றாள் மாராத்தாள்,
தலைக்கு மேலே துருவேறிய எண்ணைக் காட்டி.
ஈரோட்டில், ஜவுளிச் சந்தையின் பின்சந்தில்
ஒரு லுங்கிக் கடை. மூன்று படி.
நடுப்படி அவளுக்கு.
மேல்படி நாய்க்கு. கீழ்ப்படி மழைக்கு.

நான் அங்கன்வாடிப் பணியாளர்.
தேர்தல் வந்தால் வாக்குச்சாவடி அலுவலர்.
பகலில் முட்டைக் கணக்கு, அப்புறம் ஆள் கணக்கு.
வீடற்றவர் பெயரைச் சேர்க்க
இருப்பிடச் சான்று கேட்காதே என்கிறது விதி.
வேறு என்னதான் செய்ய?
ராத்திரியில் போ.
சொன்ன இடத்தில் சொன்ன ஆள்
உறங்குகிறாரா, பார்.
ஒருமுறை போதாது, இன்னொரு முறையும் போ.

எத்தனையோ சுற்றறிக்கை படித்திருக்கிறேன்.
உறக்கத்தைச் சாட்சிக்கு அழைத்தது
இது ஒன்றுதான்.

முதலில் போனது ஒரு திங்கட்கிழமை. என் புத்தி.
திங்கள் இரவு சந்தை கூடுமென்பது
மறந்தே போயிற்று.
கேரளா வண்டி, ஆந்திரா வண்டி,
கூவிக் கூவித் துண்டு விற்கிறார்கள்.
நடுப்படியில் உள்பாவாடைக் கட்டு ஒன்று
சொந்தக்காரன்போல உட்கார்ந்திருந்தது.
"இடத்தில் இல்லை" என்று எழுதலாம்.
விதிப்படி அது சரி.
தேடிப் போனேன். மணிக்கூண்டுப் பக்கம்
சுவரில் சாய்ந்து
நின்றபடியே கண்ணயர்ந்திருந்தாள்.
நின்று தூங்குகிறவளை எந்தக் கட்டத்தில் எழுத?

புதன்கிழமை கடைக்காரர் சென்னியப்பன் பிடித்துக்கொண்டார்.
"ஏனுங் மேடம், எங்கடை நெம்பர அந்தம்மாளுக்கு எழுதிப்போட்டா
நாளைக்கு கடையே அவுளுதுன்னு வந்து நிப்பாளுங்களே?"
நல்ல மனிதர்தான். அவளுக்குத் தாகமென்றால்
தண்ணீர் தருபவர். பிளாஸ்டிக் டம்ளரில்.
எனக்கு எவர்சில்வரில் தந்தார்.
என்னை இன்னும் கேட்கவில்லை.
விதி அச்சிட்ட தாளை நீட்டினேன்.
கண்ணாடி காணோமே என்றார்.
அது நெற்றியில் இருந்தது.

நானும் வீடு பார்த்தவள்தான்.
சூரம்பட்டியில் ஏழு, வீரப்பன்சத்திரத்தில் நான்கு.
வாடகை பேசி, அட்வான்ஸ் பேசி,
மோட்டார் போடும் நேரம்வரை பேசி முடித்து
செருப்பு மாட்டும்போது கேட்பார்கள்,
சிரித்த முகமாக: "நீங்க என்ன ஆளுங்க?"
சொன்னதும் அவர்களுக்கு ஞாபகம் வரும்,
துபாயிலிருந்து பையன் வருகிறானாம்,
வீடு அவனுக்கு வேண்டுமாம்.
பதினொரு வீட்டுக்கும் ஒரே பையன்.

குரூப் நாலு தேர்வுக்கு உருப்போட்டது
இன்னும் நாக்கில் இருக்கிறது:
மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம்.
கடை, உணவகம், கிணறு, குளம், படித்துறை, சாலை.
குளிக்கிற படித்துறைவரைக்கும் யோசித்திருக்கிறார்கள், பாருங்கள்.
"வீடு வாடகைக்கு" பலகை மட்டும்
எப்படியோ கண்ணில் படவில்லை.

வெள்ளிக்கிழமை, பதினொன்றரை மணி.
டார்ச்சோடு போனேன்.
வெளிச்சம் பட்டதும் கால்கள் உள்ளே இழுத்துக்கொண்டன;
விளக்கோடு வருகிறவர்கள்
எழுப்பவே வருவார்கள் என்று படித்த கால்கள்.
பிறகு என்னைத் தெரிந்துகொண்டாள்.
எண்ணெய் வைத்துத் தலை வாரியிருந்தாள்.
"நீங்க வருவீங்கன்னு தூங்கவேயில்லீங்."
தூங்கினால்தானே அம்மா எழுத முடியும் என்றேன்.
"அட, அதுக்கென்னுங்"
என்று பையைத் தலைக்கு வைத்து,
சேலையைக் காலோடு சுற்றிக்கொண்டு,
கண்ணை இறுக்கி மூடினாள்.
"தூங்கறனுங். எழுதிக்கோங்."
இமை இரண்டும் துடித்துக்கொண்டிருந்தன.

கீழ்ப்படியில் உட்கார்ந்தேன். மழை இல்லை.
பெயர். கணவர் பெயர், ஒரு கோடு.
வயது, அவள் சொன்னதில் பாதியும் நான் நினைத்ததில் பாதியும்.
வீட்டு எண்: பதினாலு.
நிமிர்ந்தபோது குறட்டை வந்தது.
அது நடிப்பில்லை.

டார்ச்சை அணைத்தேன்.
மேல்படி நாய் ஒரு கண்ணைத் திறந்து
என்னைச் சரிபார்த்துவிட்டு
மறுபடி மூடிக்கொண்டது.