வாரம் பூஜ்யம்

நாலு எக்ஸ் கழித்தல் இரண்டு ஒய் கூட்டல் ஆறு
சமம் பூஜ்யம்.
சாய்வையும் ஒய் வெட்டுத்துண்டையும் காண்க.
இரண்டு மதிப்பெண்.

ஒய்யைத் தனியே ஒதுக்கி நிறுத்த வேண்டும்,
மற்றதெல்லாம் மறுபக்கம் போகும்.
இரண்டு எக்ஸ் கூட்டல் மூன்று.
எக்ஸோடு ஒட்டிக்கொண்டு நிற்பது சாய்வு.
ஒட்டாமல் நிற்பது வெட்டுத்துண்டு.
தனித்தேர்வர்களுக்கான கைடில் இவ்வளவுதான்.
மிச்சத்தை பஸ்ஸில் கண்டுபிடித்தேன்,
சிவதாபுரத்திலிருந்து செவ்வாய்ப்பேட்டை போகிற
எட்டே கால் வண்டியில்,
பக்கத்துக்கு அடையாளமாகச் சொருகியிருந்த கூலிச் சீட்டு
மடியில் விழுந்தபோது.

பதினாலாம் வாரம். பாக்கி 21,700.

இன்னொரு சீட்டு வீட்டில், கடுகு டப்பாவுக்கு அடியில்:
ஆறாம் வாரம். பாக்கி 25,300.
மற்றவை எல்லாம்
துணியோடு துணியாகத் துவைந்துபோயின.
பரவாயில்லை.
நேர்க்கோட்டுக்கு இரண்டு புள்ளி போதும்.

எட்டு வாரத்தில் மூவாயிரத்து அறுநூறு.
வாரம் நானூற்றைம்பது.
முன்னால் ஒரு கழித்தல் குறி போட்டேன்.
எத்தனை ஜோடிக் கொலுசுக்குப் பற்றவைத்தாலும்
என் கோடு இறங்கத்தான் செய்யும்.
இறங்கினால்தான் நல்லது.
ஜன்னலில் சேர்வராயன் மலை,
ஸ்கேலை எப்படி வைத்தாலும்
பக்கத்தில் ஒட்டாத கோடு.
அதை விட்டுவிட்டுச் சீட்டுக்குத் திரும்பினேன்.

பின்னால் நடந்தேன்.
ஆறிலிருந்து ஐந்து, நாலு,
படிக்கு நானூற்றைம்பது கூட்டிக்கொண்டு
வாரம் பூஜ்யம் வரை.

28,000.

நான் வாங்கியது இருபத்தைந்து.
ஐந்நூறு ரூபாய்த் தாள் ஐம்பது.
ரெஜினா பக்கத்தில் நின்று எண்ணினாள்,
நான் இன்னொரு தடவை எண்ணினேன்,
அன்று சாயங்காலமே பூபதி
ஆஸ்பத்திரி கவுண்டரில் மூன்றாவது தடவை எண்ணிக் கட்டினான்.
மூன்று பேரும் ஒரே மாதிரி தப்பாக எண்ண முடியுமா?

வரைபடத்தாளில் இரண்டு கோடு போட்டேன்.
அர்த்தநாரி வாயால் சொன்னது ஒன்று,
நோட்டில் எழுதியது ஒன்று.
சாய்வு அதேதான். வெட்டுத்துண்டு வேறு.
முதல் கோடு ஐம்பத்தாறாம் வாரத்தில் தரையைத் தொடுகிறது.
இரண்டாவது,
ஞாயிறு போக வாரத்துக்கு ஆறு நாள் என்று வைத்தால்,
அதற்குப் பிறகும்
ஆறு வாரமும் நாலு நாளும்
அந்தரத்தில் நிற்கிறது.

சனிக்கிழமை, கூலி நேரம்.
தராசுக்கும் கால்குலேட்டருக்கும் நடுவில்
தாளை விரித்து வைத்தேன்.
"என்ன இது, ஏற்காடு ரோடா?"
இல்லைங்க அண்ணா, உங்க நோட்டு.
மூவாயிரம் இருந்த இடத்தை விரலால் தொட்டுக் காட்டினேன்.
அவர் நோட்டைப் புரட்டவே இல்லை.
நினைவிலேயே இருந்தது.
"அது சேதாரம். முன்னாடியே எழுதி வச்சிருவேன்.
எல்லாருக்கும் அப்படித்தான்."

எல்லாருக்கும் என்றதும்
உள்ளே ஒவ்வொரு ஊதுகுழலாக நின்றது.

வெள்ளியைத் தொட்டால்தானே அண்ணா சேதாரம்?
வாரம் பூஜ்யத்தில் என் கையில் வெள்ளி இல்லை,
கொறடு இல்லை, நெருப்பு இல்லை.
எக்ஸ் பூஜ்யம்னா
நான் இன்னும் உள்ளேயே வரலைன்னு அர்த்தம்.
அப்ப எதைச் சிந்தினேன்?

என் குரல் நடுங்கியது.
வழிமுறைக்கும் மதிப்பெண் உண்டு என்று
கைடில் போட்டிருந்ததை நினைத்துக்கொண்டேன்.

விசிறியை ஒரு முறை பார்த்தார்.
பேனாவை எடுத்து, மூவாயிரத்தை அடித்து,
ஆயிரத்து ஐந்நூறு என்று எழுதினார்.
"போ. பாதி."
கோடு தன் சாய்வு மாறாமல்
மூன்று சின்னக் கட்டம் கீழே வந்து நின்றது.
இன்னும் மூன்று இருக்கிறது.

படியிறங்கும்போது ரெஜினா பின்னால் வந்தாள்,
உள்ளங்கையில் கசங்கிய இரண்டு சீட்டு.
"எனக்கு ஒன்பதும் பதினேழும்தான் இருக்கு.
நடுவுல எல்லாம் போயிருச்சு. போதுமா?"

போதும் என்றேன்.
தாளைத் திருப்பி
மறுபக்கத்தில் அச்சு வரைந்தேன்.