காதும் காதும்

ஃபியர்டைக் கடக்கும் கார்ப் படகில்
இயந்திர அறை என்னுடையது. பதினெட்டு வருடம்.
குழாயில் கைவைத்தாலே
எங்கே குறுகியிருக்கிறதென்று சொல்லிவிடுவேன்.
வீட்டில்தான் கோட்டைவிட்டேன்.

"வலது காதுக்குள் யாரோ
மாடிப்படி ஏறுகிறார்கள்" என்றாள் இங்வில்.
"ஏறிக்கொண்டே இருக்கிறார்கள்.
மாடி மட்டும் வருவதேயில்லை."
நான் சிரித்தேன். அது நவம்பர்.

அவள் வேலை மழலையர் பள்ளியில்.
பெர்கன் குழந்தைகள் மழைக்கோட்டோடு பிறந்தவர்கள்;
ஒருநாளைக்கு நாற்பது ஜிப், நாற்பது பூட்ஸ்.
ஒவ்வொரு முறை குனியும்போதும்
சாம்பல் கொட்டியது போல்
கண்ணில் உலகம் மறைந்து, திரும்பிவந்தது.
பூட்ஸை இடவலம் மாற்றி மாட்டிவிட்டதாக
ஒரு தாய் புகார் எழுதினாள்.

முதல் மருத்துவர் தராசைக் காட்டினார்.
எடையைக் குறை, வா.
இரண்டாமவரும் தராசைத்தான் காட்டினார்.
அவள் இலவங்கப்பட்டை பன்னை விட்டாள்,
பிறகு அழுதுகொண்டே தின்றாள்,
இரண்டையும் நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

கண்ணாடிக் கடைக்காரர்தான்,
புது ஃப்ரேமுக்கு அளவெடுக்க வந்தவளிடம்
"உட்காருங்கள்" என்றார்,
அப்புறம் "எழுந்திருக்காதீர்கள்" என்றார்,
அப்புறம் டாக்ஸிக்கு போன் செய்தார்.
விழியின் பின்னால் நரம்பு வீங்கியிருந்ததாம்,
ஈரத்தில் கிடந்த மரப்பலகை மாதிரி.

அன்றிரவு வார்டில்
காதும் காதும் வைத்தாற்போல் என்பார்களே,
நிஜமாகவே வைத்தேன்.
அவள் காதுக்குப் பின்னே, மேட்டெலும்பில், என் காது.

உஸ்ஸ்.
உஸ்ஸ்.

எனக்கும் கேட்டது.
மணிக்கட்டைப் பிடித்தேன்; நாடிக்கு நாடி அதே ஓசை.
அவள் கழுத்தில் இரண்டு விரலை அழுத்தினாள்;
நின்றது. எடுத்தாள்; வந்தது.
பாதி மூடிய வால்வு இப்படித்தான் பேசும்.
ஆறு மாதம் என் தலையணைக்குப் பக்கத்திலேயே
பேசியிருக்கிறது.

முதுகில் ஊசி போட்டு அளந்தார்கள்.
முப்பத்தெட்டு சென்டிமீட்டர் தண்ணீர்.
மருத்துவர்கள் சொன்னதில்
எனக்குப் புரிந்த முதல் வாக்கியம்.

மாத்திரையில் விரல்நுனியெல்லாம் எறும்பு ஊர்ந்தது,
கோலா இரும்பாய்ச் சுவைத்தது,
படியேறுபவர் இறங்கவில்லை.

டாக்டர் ஹெக்டால் படத்தைக் காட்டினார்:
மூளையிலிருந்து இரத்தம் வடியும் பெரிய சிரை,
பின்மண்டையில் வளைகிற இடத்தில்
பென்சில் முனையாய் ஒடுங்கி.
நான் கேட்டேன்:
அழுத்தத்தால் சிரை நெரிகிறதா,
சிரை நெரிவதால் அழுத்தமா?
அவர் ஆறிப்போன காபியைக் கலக்கினார்.
"இரண்டும். ஒன்றையொன்று கழுத்தைப் பிடித்திருக்கின்றன.
ஒரு கையையாவது விடுவிப்போம்."

தொடைச் சிரையில் நுழைந்து,
இதயத்தின் வாசல் வழியாய்,
கழுத்தேறி,
உலோக வலை ஒன்று போனது.
அடைப்புக்கு மேலே இருபத்தாறு, கீழே பத்து.
விரித்த பின் பதினொன்று, பத்து.
அதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதித் தந்தார்கள்,
இன்னும் என் பர்ஸில் இருக்கிறது, கார்ப் படகு பாஸுக்குப் பின்னால்.

ஒரு வாரம் அந்தப் பக்கமே தலையை இடித்தது.
இரத்தம் உறையாதிருக்க மாத்திரை;
மேசை மூலையில் லேசாய் இடித்தாலும்
ஊதாப் பூவாய்க் கன்றியது.
கண் மெல்ல மெல்லத்தான். முழுக்க வருமா,
யாரும் சொல்லவில்லை. நாங்களும் வற்புறுத்தவில்லை.

ஆனால் ஓசை போய்விட்டது.

இப்போது தூக்கம் வராதவன் நான்.
விடியற்காலை மூன்று மணிக்கு
அவள் மேட்டெலும்பில் காதை வைக்கிறேன்.
எதுவும் இல்லை.
நாடி இருக்கிறதா என்று விரல் தானாய்த் தேடுகிறது.
இயந்திர அறையில் சத்தம் நின்றால்
நாங்கள் ஓடத்தான் பழகியிருக்கிறோம்.

"என்ன தேடுகிறாய்?" இருட்டில் கேட்டாள்.
ஒன்றுமில்லை என்றேன்.
கொஞ்ச நேரம் கழித்து:
"உன் மூக்கு விசிலடிக்கிறது.
எத்தனை வருஷமாய்?"