டு

லாம்போர்ன். செவ்வாய் இரவு.
நூலக மாடியில் ஹீட்டர் இருமுகிறது.
மிஸஸ் ஓட்வே பலகையில் எழுதுகிறார்:
பால்க், பக்கத்தில் ஒரு கோடிட்ட இடம்.

ஃப்ரம், என்றாள் போஜெனா.
லாயத்து எர்மெக்
சாணம் காய்ந்த பூட்ஸை நாற்காலிக்கடியில் இழுத்துக்கொண்டு
அட், என்றான்.

எப்படித் தெரியும்?

காலையில் பார்த்தேன்.
பழுப்புக் குதிரை வேலிவரை பாய்ந்து வந்தது,
வேலியிலேயே நின்றது. நான்தான் மண்ணில்.
அது அட்.
பிளாஸ்டிக் பை பறந்தால் பக்கவாட்டில் துள்ளுமே,
அது ஃப்ரம்.
ஹெசிடேட்டுக்கு மட்டும் ஏன் டு?
தயங்குகிறவனுக்கு எதற்குப் போகிற திசை?

எல்லோரும் சிரித்தார்கள்.
மிஸஸ் ஓட்வே சாக்கட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
எங்கள் வாயில் அப்படித்தான் வரும், என்றார்,
கேட்டதே இல்லை.

எட்டரைக்கு சைக்கிளை எடுத்தான்.
மூன்று மாத ஓவர்டைம்
ஒரு துண்டுக் காகிதத்தில், பெரிய பெரிய எண்களில்.
முதலாளி வீட்டு வாசலில் இன்னும் விளக்கு.
ஒரு கால் படியில்.
மடக்கிய விரல்
கதவுக்கு அரை அங்குலம் முன்னால்.

உள்ளே நாய் குரைத்தது.
விலகவில்லை.
தட்டவும் இல்லை.
முகம் மட்டும் கதவைப் பார்த்தபடி.
ஓ, என்றான் எர்மெக்,
கிர்கிஸ் மொழியில்.