எலிமருந்துக்காரர்

சுங்கை சிப்புட் பஸ் நிலையத்துக்கு எதிரே
கோழித்தீவனமும் தூண்டில் முள்ளும் விற்கும் கடையில்
ஹேம்ஸ்டர்கள் என் பொறுப்பு.
தவுக்கே லோவுக்கு எல்லாமே எலி.
எனக்கு நாலு சாதி.
அந்தச் சொல்லை இங்கே மட்டும்தான்
கூசாமல் சொல்கிறேன்.

சிரியன், உள்ளங்கை நிறைய, பலாச்சுளை நிறம்.
தனிக்கட்டை. இரண்டு மாதம் ஆனால்
கூடப்பிறந்ததையே கடிக்கும்.
வின்டர் ஒயிட்டுக்கு முதுகில் மை தொட்டு இழுத்த ஒரு கோடு;
பனியையே பாராமல்
பீங்கான் ஓட்டில் வயிற்றை ஒட்டிக் கிடக்கும்.
கேம்பல் அதற்குப் பங்காளி முறை,
பங்காளி என்றால் சொல்லவா வேண்டும்.
ரோபோ என் கட்டைவிரல் அளவு, வெள்ளைப் புருவம்,
பிடிக்கப் போனால் பாதரசம்.
ஒரே ஈற்று ரோபோக்களைச் சேர்த்து விடலாம்,
இடம் இருந்தால்,
தினமும் ஒரு கண் வைத்தால்.
ரகம் மாற்றி மட்டும் கூடாது.

சம்பளச் சனிக்கிழமை சன்னாசி வந்தார், மகளோடு.
செம்பனைத் தோட்டத்தில் எலிமருந்து வைப்பவர்,
மரத்துக்கு ஒரு கட்டி.
யஷ்வினிக்குப் பெரியதில் ஒன்று, சிறியதில் ஒன்று,
ஒரே கூண்டில்.

"ஆகாதுண்ணே."

"எனக்கே எலியைப் பத்தி சொல்றியா?
ஒரு மரத்துக் கொண்டையில பத்துப் பன்னெண்டு
சண்டையில்லாம கிடக்கும்.
எண்ணியிருக்கேன்."

எப்போது எண்ணினார் என்று நான் கேட்கவில்லை.

தவுக்கே கால்குலேட்டரிலிருந்து தலை எடுக்காமல்
"சத்து சங்கார், சத்து எக்கோர்" என்றார்.
பிறகு இரண்டையும் விற்றதும் அவர்தான்.

வியாழன் இரவு, மழை, கடை சாத்தும் நேரம்.
சன்னாசியின் சட்டைப்பையில் ஒரு கைக்குட்டை,
அதற்குள் ரோபோ,
ஒரு காது இல்லை.

"புள்ள தூங்கிருச்சு. கீச்சுன்னு ஒரு சத்தம், அவ்ளோதான்.
கையால தொடலம்மா,
துணியாலதான் எடுத்தேன்."

உப்புத் தண்ணீரில் பஞ்சை நனைத்துத் துடைத்தேன்.
பிழைத்துவிடும் என்றேன், எனக்கே தெரியாமல்.
இரண்டாவது கூண்டு இருபத்திரண்டு வெள்ளி.
கடன் புத்தகத்தில் எழுதினேன்:
சன்னாசி, கூண்டு, மகளுக்கு.
'மகளுக்கு' எதற்கு எழுதினேனோ.

"கொஞ்சம் பிடிங்கண்ணே, கூண்டில் தூள் போடணும்."

"இரு" என்றார்.

பின்பக்கம், மீன் தொட்டிக் குழாய்.
முழங்கை வரை சோப்புப் போட்டார்.
விரல்களை முகர்ந்து பார்த்தார்.
மறுபடியும் போட்டார்.
நகக்கண்ணில் நீல மருந்து; தீக்குச்சியால் சுரண்டினார்.
மறுபடியும் முகர்ந்தார்.

தவுக்கே பாதி இறக்கிய கதவைப் பிடித்தபடி
ஒன்றும் சொல்லாமல் நின்றார்.

சன்னாசி வந்து
இரண்டு கையையும் சேர்த்து ஏந்தினார்,
ஈரம் சொட்டச் சொட்ட.