இரண்டு மணி மாத்திரை

டெப்ரெ பிர்ஹானில் நவம்பர்.
பலகையில் என்ட்ரோபி என்று தொடங்கி
பாதியில் நின்றேன்.
சாக்கட்டி கனத்தது.
"டீச்சர், உங்கள் கை நடுங்குகிறது"
என்றான் ஹப்தாமு,
போன தேர்வில் நூற்றுக்குப் பதினொன்று வாங்கியவன்.
என் வகுப்பில் அவன் கவனித்த
முதல் விஷயம் அதுவாகத்தான் இருக்கும்.

டைபாய்டு.
சுகாதார நிலையத்தில் வரிசையைத் தாண்டி
முன்னால் உட்கார வைத்தார்கள்,
வெளிநாட்டுக்காரி என்பதாலோ
விழுந்துவிடுவேன் என்பதாலோ.
நர்ஸ் யெஷிமேபெத் மாத்திரை அட்டையின் முதுகில்
2 என்று எழுதிப் பக்கத்தில் ஒரு சூரியன் வரைந்தாள்.
கீழே இன்னொரு 2,
அதற்கு ஒரு பிறை.

அலாரம் வைத்தேன்.
பகல் இரண்டு, இரவு இரண்டு.
ஒழுங்கான நோயாளி நான்.

இரவு இரண்டு மணிக்கு
யூகலிப்டஸ் தோப்புக்கு அப்பால்
கழுதைப்புலி மட்டும் விழித்திருந்தது.
மாத்திரை நாக்கில் கசந்து கரைந்தது.
கெட்டில் காலி.
"தண்ணி" என்றேன்.
யாரிடம் என்று கேட்காதீர்கள்,
காய்ச்சல் ஆள் பார்த்துப் பேசுவதில்லை.

சன்னலுக்கு வெளியே காவலாளி மொகெஸ்
போர்வைக்குள்ளிருந்து பதில் சொன்னார்:
"தேனா யிஸ்திலிஞ்."

அது வணக்கம்.
எனக்காக இறைவன் உனக்கு நலம் தரட்டும்
என்று பொருள்.
தேனா என்றால் நலம்.
என் தண்ணி
அவர் காதில் அப்படி விழுந்திருக்கிறது.

மறுபடி கேட்டேன்.
மறுபடி வாழ்த்தினார்.
நான்கு முறை கேட்டேன்,
நான்கு முறையும் எழுந்து நின்று சொன்னார்,
நாற்காலி கிரீச்சிட்டதை வைத்துச் சொல்கிறேன்.
மரியாதை தெரிந்த மனிதர்.

அவர்கள் மொழியில் தண்ணீர் வுஹா.
இரண்டு வருடமாக
கடையில், கேன்டீனில், தினமும் சொல்லும் சொல்.
எச் டூ ஓ கூட ஞாபகம் வந்தது.
வுஹா வரவில்லை.

காலையில் அக்கா பேசினாள்.
"குரல் ஏன் கட்டியிருக்கு?"
குளிர் என்றேன். பொய்யில்லை.
மிளகு போட்டு எதையாவது குடி என்றாள்.
அவள் பின்னால் குக்கர் மூன்றாவது விசில் அடித்தது,
எண்ணிக்கொண்டிருந்தாள் போல,
பாதி வாக்கியத்தில் வைத்துவிட்டாள்.

நான்காம் நாள் பதினொரு பேர் வந்தார்கள்,
ஆரஞ்சுப் பழங்களோடு,
ஒரு பெரிய வட்ட ரொட்டியோடு.
சுவரோரம் வரிசையாக உட்கார்ந்தார்கள்.
பேசவில்லை.
இங்கே நோயாளியைப் பார்க்க வருவதென்றால்
உட்கார்ந்திருப்பது, அவ்வளவுதான்.
நேரம் போகப்போக
அறை கொஞ்சம் வெதுவெதுப்பானது.
"அய்சோஷ்" என்றாள் ஒருத்தி.
தைரியமாயிரு என்பதற்கும்
நாங்கள் இருக்கிறோம் என்பதற்கும்
நடுவே எங்கோ நிற்கும் சொல்.

ஹப்தாமு அட்டையை எடுத்துப் பார்த்தான்.
என் கைபேசி அலாரத்தைப் பார்த்தான்.
"டீச்சர், எங்கள் கணக்கு விடியலில் தொடங்கும்.
எங்கள் இரண்டு மணி உங்கள் எட்டு."

தெரியாதா எனக்கு?
பேருந்துக்கும் சந்தைக்கும்
ஆறு மணி நேரத்தைக் கழித்துக்கொண்டேதான் இருந்தேன்.
காய்ச்சலுக்குக் கழிக்க மறந்தேன்.

"அப்படியானால் மூன்று நாளும் தப்பா?"
விரல்விட்டு எண்ணினான்.
"இல்லை டீச்சர். இடைவெளி பன்னிரண்டுதான்.
மருந்துக்குத் தப்பில்லை.
தூக்கத்துக்குத்தான்."

முழு மதிப்பெண் என்றேன்.
யாரும் சிரிக்கவில்லை.
அதைத் தாளில் எழுதித் தர முடியுமா
என்று கேட்டான் அவன்.

அன்றிரவு எட்டு மணிக்கே மாத்திரை போட்டுக்கொண்டேன்.
போகும் முன் யாரோ கெட்டிலை நிரப்பி
கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருந்தார்கள்,
பக்கத்தில் தோலுரித்த ஓர் ஆரஞ்சு.

அலாரம் இல்லாமலே
இரண்டு மணிக்கு விழிப்பு.
பனி விழும் சத்தம் கேட்காது என்பார்கள்,
தகரக் கூரையில் ஏதோ கேட்டது.
தாகமில்லை.

"தண்ணி" என்றேன்.

வெளியே நாற்காலி கிரீச்சிட்டது.