ஆறரை

சிப்காட்டில் என் வேலை அளப்பது.
பியூரெட்டிலிருந்து சொட்டுச் சொட்டாய் இறக்கி
எந்தச் சொட்டில் நிறம் மாறியதென்று பார்த்து
புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் வரை எழுத வேண்டும்.
கை நடுங்கினால் மறுபடி முதலிலிருந்து.

காலை மட்டும் அளந்ததில்லை.
பத்தாம் வகுப்பு அணிவகுப்புக்கு
வெள்ளைக் கேன்வாஸ் வாங்கப் போனபோது
கடைக்காரர் எட்டிப் பார்த்து
"ஆறு" என்றார்.
இருபத்துநாலு வருஷமாய் நான் ஆறு.

மார்கழியில் கணுக்காலுக்கு மேலே
எலும்பின் உள்விளிம்பில் பிடித்துக்கொண்டது.
மஞ்சக்குப்பத்தில் கிளம்பி
தேவனாம்பட்டினம் போய்த் திரும்பும் ஓட்டம்
பாதியிலேயே நொண்டலானது.
வெறுங்காலோடு மணலில் ஓடு என்றாள் பிலோமினா.
உள்ளே கார்பன் தகடு வைத்தது வாங்குங்க அத்தை,
பறக்கும் என்றான் நாத்தனார் பையன்.
பெருவிரல் நகம் கறுத்ததற்கு
நானாகவே இரும்புச்சத்தைக் குற்றம் சொல்லி
பேரீச்சம்பழம் தின்றுகொண்டிருந்தேன்.

லாரன்ஸ் ரோட்டில் சலாவுதீன் கடை.
காலையில் போனேன். விற்க மாட்டேன் என்றார்.
"ஷிப்ட் முடிஞ்சு வாங்க, கால் வீங்கினப்புறம்.
ஓடுற சாக்ஸோட வாங்க.
பழைய ஷூவையும் எடுத்துட்டு வாங்க."

சாயங்காலம் பழைய ஜோடியைக் கண்ணாடி மேஜைமேல் வைத்தார்.
வலது நின்றது.
இடது, யாரும் தொடாமலே, வெளிப்பக்கம் சாய்ந்தது.

"எந்தப் பக்கமா ஓடுறீங்க?"
இடது ஓரம்.
"வரும்போது?"
அப்போதும் இடது ஓரம்தான், சட்டப்படி.
"மழைத்தண்ணி வடிய ரோட்டைச் சரிச்சுத்தான் போடுவான் மேடம்.
உங்க இடது கால் தினமும் பள்ளத்துல ஓடுது."
நடுப்பட்டையைக் கட்டைவிரலால் அமுக்கினார்.
எழவில்லை.
"எத்தனை கிலோமீட்டர்?"
ஆயிரத்து நூற்று நாற்பது, புள்ளி ஆறு.
(அதையெல்லாம் எழுதி வைத்திருக்கிறேன்.)
"மேல பளபளன்னு இருக்கு. உள்ள எப்பவோ செத்துருச்சு."

பிறகு காலை நனைத்து
தினத்தாள்மேல் நிற்கச் சொன்னார்.
நகைக்கடை விளம்பரத்தின்மேல் என் பாதம்
நடுவில் இடைவெளியே இல்லாமல்
முழுதாய்ப் பதிந்தது.
இரும்புத் தட்டில் அளந்தார்:
வலது ஆறரை.
இடது ஏழுக்கு ஒரு நூல் குறைவு.

ஒரே உடம்பில் இரண்டு அளவு.
யாரும் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.

பதினாலாயிரம் ரூபாய் ஷூவைப் போட்டுப் பார்த்தேன்.
யாருடைய முட்டியையோ கடன் வாங்கியது போலிருந்தது.
அடுத்தது விரலை நெரித்தது.
மூன்றாவது, வெந்த சுரைக்காய் நிறம்,
பார்க்கச் சகிக்காது.
"கண்ணாடியில பாக்காதீங்க. வெளிய போய் ஓடிப் பாருங்க."
துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு
வாழைப்பழ வண்டிக்கும் நிறுத்திய பைக்குகளுக்கும் நடுவே
நாற்பது தப்படி ஓடினேன்.
"பஸ் போயிடுச்சாம்மா?" என்றார் பூக்காரர், உண்மையான கவலையோடு.

ஏழு வாங்கினேன்.
நுனியில் ஒரு கட்டைவிரல் அகலம் காலி.
வலதுக்கு லேஸை ஓர் ஓட்டை கூடுதலாய்க் கோத்தார்.
"இது மருந்து இல்ல மேடம்.
ரெண்டு வாரம் பாதி தூரம்தான்.
போன ஓரத்துலயே திரும்பி வாங்க."

இன்று விடிய அரைமணி முன்னால் கிளம்பினேன்.
சாலையில் கடல் மணல் ஏறிக் கிடக்கும் இடம் வரைதான்.
திரும்பும்போது வண்டிகள் எதிரே வந்தன,
மீன்கூடை கட்டிய மொபெட்காரர் திட்டிக்கொண்டே ஒதுங்கினார்.
வழக்கத்தைவிடக் கிலோமீட்டருக்கு
நாற்பது நொடி மெதுவாக ஓடியிருக்கிறேன்.

நோட்டில் எழுதினேன்.
ஷூ: இரண்டாவது. தூரம்: 2.15.
வலி என்ற கட்டத்தில்
என்ன அலகு போடுவதென்று விளங்காமல்
"கொஞ்சம்" என்று எழுதிவிட்டு
குளிக்கப் போனேன். ஏழரைக்குக் கம்பெனி பஸ்.