பத்து நிமிடத்தில் வராவிட்டால்

காலையில் அதற்கு முகவரி கொடுத்தவள் நானே.
மூவாயிரத்து நூறு மீட்டர் உயரத்தில்
ஆக்-கோல் பனியேரியின் கரையில் ஒரு தகரப் பெட்டி,
அதற்குள் எட்டுத் துளை ஸ்விட்ச்.
கையுறையைப் பல்லால் கழற்றிவிட்டு
நீலக் கேபிளைச் செருகினேன்.
கறுப்புத் திரையில் ஒரு குறி மட்டும் துடித்தது,
பெயர் வைக்காத பிள்ளை மாதிரி.

பத்து, நாற்பத்து நான்கு, ஏழு, பன்னிரண்டு.
முகமில்லாத ஒன்றுக்கு
இதைவிட என்ன வரி எழுத முடியும்?
அப்புறம் வாசல்: அதே எண்கள், கடைசியில் மட்டும் ஒன்று.
போகிறவன் வருகிறவன் ஒட்டுக்கேட்கும் டெல்நெட்டை அடைத்தேன்,
எஸ்எஸ்எச்சைத் திறந்தேன்,
சேமித்தேன்.
இனி உட்கார்ந்த இடத்திலிருந்தே பேசிக்கொள்ளலாம் என்று
நாரின் நகரத்துக்கு நான்கு மணிநேரம் இறங்கினேன்.

ஐந்தே முக்காலுக்குத் தலைமையகத்தின் கடிதம்:
எல்லாக் கருவிகளும் அறுபதாம் வரிசைக்கு மாற வேண்டும்,
இன்றே.
ஒரு வரிதானே.
இடக்கையில் தேநீரோடு
வலக்கையால் புது எண்ணைத் தட்டினேன்.
என்டர்.

திரை உறைந்தது. உறைவது வழக்கம்தான்.
புது எண்ணில் கூப்பிட்டேன்.
மறுபடி கூப்பிட்டேன்.
அப்போதுதான் உறைத்தது:
வீட்டை மாற்றியவள்
வாசலைப் பழைய தெருவிலேயே விட்டுவிட்டேன்.

வேடிக்கை என்னவென்றால்
ஏரியின் நீர்மட்டம் வந்துகொண்டே இருந்தது,
நிமிடத்துக்கு ஓர் எண், பிசகாமல்.
இரண்டு மீட்டர் பதினொன்று.
இரண்டு மீட்டர் பதினொன்று.
அது வேலையை நிறுத்தவில்லை.
என்னோடு பேசுவதை மட்டும் நிறுத்தியிருந்தது.
அப்படியே விட்டுவிடலாமா என்று
தேநீர் ஆறும்வரை யோசித்தேன்.

புது எண்ணை நான் சேமிக்கவில்லை.
மின்சாரம் போனால் மாலையை மறந்துவிடும்,
காலையில் சொன்னது மட்டும் நினைவிருக்கும்.
வெள்ளக் கண்காணிப்பு அறைக்குச் சொன்னேன்:
ஐந்து நிமிடம் ஏரி பேசாது,
சங்கை ஊதிவிடாதீர்கள்.

பெட்டிச் சாவி புருல்சாவிடம் இருந்தது.
குதிரை வேலிக்கு பேட்டரி மாற்றிக்கொண்டிருந்தவள்
முணுமுணுத்தபடி மேலே ஏறினாள்.
"எந்த ஒயர்? கறுப்பில் மூன்று இருக்கிறது."
ஒட்டியிருந்தேனே, பெயர்ச்சீட்டு?
"மூன்று சீட்டும் கீழே கிடக்கின்றன, ஐசிரெக்."
எது சூடாக இருக்கிறது?
மூச்சு. காற்று. மூச்சு.
"நடுவில் இருப்பது."
பிடுங்கு. பத்து எண்ணு.
பிர், எக்கி, ஊச், தோர்த்,
பெஷ், அல்தி, ஜெத்தி,
"சும்மா இரு!" என்றாள், நாயிடம்.
பிறகு பிர் என்று முதலிலிருந்து தொடங்கினாள்.
பதினேழு நொடி ஏரி இல்லாமல் இருந்தது உலகம்.

"ஆரஞ்சு. இன்னும் ஆரஞ்சு.
இப்போது பச்சை.
உன்னை அடையாளம் தெரிகிறதா அதற்கு?"
கடவுச்சொல் கேட்கிறது, என்றேன்.
உள்ளே போனால் அதன் கடிகாரம்
தொண்ணூற்று மூன்று மார்ச் ஒன்று என்கிறது,
நான் பிறக்க இன்னும் நான்கு வருடம் இருக்கிறது.
விழித்த காரணம்: மின்சாரம்.
என் பெயர் எங்கும் இல்லை.

"பெட்டியைப் பூட்டட்டுமா?"
இரு, இன்னும் பத்து நிமிடம்.
இந்த முறை முதலில் ஒரு கட்டளை கொடுத்தேன்:
பத்து நிமிடத்தில் நான் திரும்பி வந்து வேண்டாம் என்று சொல்லாவிட்டால்
நீயாகவே அணைந்து எழு,
இப்போது சொல்லப்போவதை மறந்துவிடு.
பிறகு வாசல். பிறகு எண்.
என்டருக்கு மேல் விரல் நிற்கிறது.
போனில் புருல்சா
வைக்கோல் விலையைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்,
ஒரு கட்டு முந்நூறாம்,
அதிலும் பாதி ஈரமாம்.